உதட்டை முந்திய படம்

டிஷ் பெட்டியில் பதிந்ததை டிவிடி ஆக்க நினைக்கும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மறைந்த என் அண்ணனின் நாதஸ்வரக் கச்சேரி முன்பு பொதிகையில் வந்தது. பாரீஸில் இருக்கும் அவர் மகள் அதைக் கேட்டாள். பென் டிரைவைத் திறந்தால் மூன்று கோப்புகள்! கடுவெளிச் சித்தர் பாட, எங்கள் இரும்பை மாகாளேஸ்வரர் லிங்கம் மூன்றாகப் பிளந்ததாகச் சொல்வார்களே, அந்தக் கதைதான். ஃபேட் 32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என் பெட்டியோ 1 ஜிபிக்கே வெட்டிவிடுகிறது. வரிசை மாறாமல் ஒட்டினால் போதும்.

பெரிய தொல்லை வேறு. அண்ணன் சீவாளியை வாயிலிருந்து எடுத்த பிறகும் நாதஸ்வரம் கேட்டது! பதிந்த அன்று மழை. சிக்னல் விட்ட இடங்களில் ஒலியைவிடப் படம் அதிகம் தொலைந்திருக்கிறது. டிவிடி மென்பொருள் நேரக்குறியைப் பாராமல் மிச்சத்தை நெருக்கி அடுக்கியதால் படம் முந்திவிட்டது. புராஜெக்ட் எக்ஸ் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் தனியே பிரித்து, நேரக்குறிப்படி ஒலியை வெட்டியும் நிரப்பியும் சரிசெய்தது. (கட்டணப் பெட்டியில் பதிந்தது பெரும்பாலும் பூட்டியே இருக்கும், அங்கே இந்த வித்தை பலிக்காது.)

பிரான்சில் அன்று செகாம், நமக்குப் பால். இரண்டுக்கும் நொடிக்கு 25 படம்தான், அதனால் டிவிடி அங்கும் ஓடும். தோடியில் மழை தின்ற சில நொடிகள் மட்டும் திரும்பவில்லை. அந்த இடத்தில் படம் குதிக்கும், தட்டில் கோளாறில்லை என்று உறைமேல் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன்.