ஆனி மாதப் பாட்டுப் பட்டியல்

ஆனி 18, புதன்

ஞாயிறு இலஞ்சிப் பக்கம் ஒரு வரவேற்பு. மாப்பிள்ளை தென்காசி, பொண்ணு புனலூர். மாப்பிள்ளைக்குப் புனேயில் வேலை. கூட வேலை பார்க்கிற மராத்தி, பஞ்சாபிப் பையன்கள் ஒரு வேன் நிறைய வருகிறார்களாம். ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் கிடையாது. குற்றாலத்தில் ஊரே குளிக்கிற நேரத்தில் என் ஸ்பீக்கர் பெட்டிகள் மட்டும் தூங்கும். ஆனியில் வருகிற எதையும் விடுவதாக இல்லை.

மலையாளப் பாட்டைப் பற்றிக் கவலை இல்லை. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தானே இருந்தது. ‘ஜிமிக்கி கம்மல்’ போட்டால் புனலூர்க்காரர்களுக்கு முன்னால் தென்காசி அத்தைமார் எழுந்துவிடுவார்கள். இடிப்பது மற்ற இரண்டும்தான்.

ஆனி 20, வெள்ளி

மாப்பிள்ளைத் தோழன் அனுப்பிய பட்டியலை உட்கார்ந்து கேட்டேன். முக்கால்வாசி காரில் போகும்போது கேட்கிற பாட்டு. தெரியாத மொழியில் யூடியூப் எண்ணிக்கையை நம்பவே கூடாது. கோடிப் பேர் கேட்டிருப்பார்கள், உட்கார்ந்தபடி. அந்தப் பாட்டுக்கென்று நாலு பேருக்குத் தெரிந்த ஒரு ஸ்டெப் இருக்கிறதா, அதுதான் என் கணக்கு. வரி புரியாதவன் பக்கத்தில் இருப்பவன் காலைப் பார்த்துத்தான் ஆடுவான். அப்படிப் பார்த்தால் மராத்தியில் ‘சைராட்’ படத்தின் ‘ஜிங்காட்’. 2016இல் வந்தது, அஜய்-அதுல் இசை. பஞ்சாபியில் தலேர் மெஹந்தியின் ‘துனக் துனக் துன்’, 1998. பழசு என்று தோழன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும். போன மாதம் வந்த பாட்டுக்கு மேடையில் ஜாமீன் கிடையாது.

அடுத்தது வரிசை. நம்மூர்க் குத்துப்பாட்டு பலவும் திஸ்ர நடை, கச்சேரிக் குழுக்காரர்கள் சிக்ஸ்-எய்ட் என்பது. பாங்ரா நாலு எண்ணிக்கை. வேகம் ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேரே தாவினால் ஆடுகிறவர் கால் தடுமாறும். தடுமாறினவர் அப்படியே பந்திக்குப் போய்விடுவார். கீரவாணியின் ‘நாட்டு நாட்டு’ நம்ம சிக்ஸ்-எய்ட்தான், புனேக்காரர்களுக்கும் அத்துப்படி. அதில் அவர்களை உள்ளே இழுத்துவிட்டு, கேக் வெட்ட ஒரு இடைவெளி விட்டு, பிறகு பாங்ரா.

ஆனி 22, ஞாயிறு

சாரல் சாய்ந்தடித்தது. மிக்சருக்கு மேல் தார்ப்பாய், ஜெனரேட்டர் பக்கம் ஆள் நிறுத்தினோம். செக்கிங் நேரத்தில் ‘ஜிங்காட்’டை ஓடவிட்டுப் பந்தி ஆட்களைக் கவனித்தேன். இரண்டு கையிலும் தண்ணீர் கேன் தூக்கி வந்த பையன், கேனை இறக்காமலே தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். பாட்டை முதல் வரிசையில் சேர்த்துவிட்டேன். பட்டியல் அனுப்புகிறவர்களைவிட இந்தப் பையன்கள் சரியாகச் சொல்வார்கள், வாயே திறக்காமல்.

‘தெஸ்பசீத்தோ’ கேட்டு ஒருவர் விடாமல் நின்றார். நல்ல பாட்டுதான், ஆனால் நிமிடத்துக்குத் தொண்ணூறு அடிக்குள் நடக்கிற பாட்டு. இங்கே குத்துக்குப் பழகின காலுக்கு அது நடைப்பயிற்சி. பந்தியில் பாயசம் வரும் நேரத்துக்கு வைத்துக்கொடுத்தேன், அவருக்கும் திருப்தி.

‘ஜிங்காட்’ முடிந்ததும் ஒரு பெரியம்மா மேடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, இது என்ன பாஷை?”

“மராத்தி, பெரியம்மா.”

“என்னவும் இருக்கட்டும். இன்னொரு வாட்டி போடுதியளா?”

போட்டேன். கடைசிக்கு ‘தளபதி’யின் ராக்கம்மா. 1991இலிருந்து அந்த இடத்துக்குப் போட்டியே இல்லை. சரியாகப் பத்து மணிக்குச் சத்தத்தை நிறுத்தினோம். 2000ஆம் ஆண்டு ஒலி விதிப்படி அதற்கு மேல் முடியாது, மண்டபக்காரரும் விடமாட்டார். கேபிள் சுருட்டி முடித்துப் பிரானூர் பார்டரில் பரோட்டா.

ஆனி 23, திங்கள்

ஆவணியில் செங்கோட்டையில் ஒரு வரவேற்பு உறுதியாகியிருக்கிறது. பொண்ணின் தம்பி முழுக்கக் கொரியப் பாட்டாக அனுப்பியிருக்கிறான். அதில் இங்கே எல்லோருக்கும் ஸ்டெப் தெரிந்தது 2012இன் ‘கங்னம் ஸ்டைல்’ ஒன்றுதான். மற்றதற்கு ஆடி முழுக்க நேரம் இருக்கிறது. வீட்டில் போட்டுக் கேட்டு, எதற்குக் கால் வருகிறதோ அதை வைத்துக்கொண்டு, மிச்சத்தை அவனிடம் பேசிக் குறைக்க வேண்டும்.