நாக்பூரைவிடப் பக்கம்

எங்கள் வீட்டில் அந்தச் சாலைக்கு 'ஏழு' என்றுதான் பெயர். வாரணாசியில் தொடங்கி ஜபல்பூர், நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை 2,300 கிலோமீட்டருக்கும் அதிகம். அந்நாளில் நாட்டிலேயே நீளமான தேசிய நெடுஞ்சாலை. 2010இல் எண்களை மாற்றியபோது, நாக்பூருக்குத் தெற்கே உள்ள பகுதி முழுவதும் ஸ்ரீநகரிலிருந்து வரும் 44இல் சேர்ந்துவிட்டது. அப்பாவுக்கு அது இன்னமும் ஏழுதான்.

நாமக்கல்லில் இருந்துகொண்டு 28 வருடம் அவர் அதில் லாரி ஓட்டினார். போகும்போது சேலத்து ஜவ்வரிசி. மராட்டியர்கள் விரத நாளில் கிச்சடி செய்வது அதில்தான். வரும்போது ஆரஞ்சு. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து எங்களுக்கென்று எடுத்துவரும் பழத்தில் டீசல் வாசம் அடிக்கும். தெலுங்கும் இந்தியும் அவர் செக்போஸ்ட்டுகளில் கற்றவை. தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயை இறங்கும்வரை அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். எஸ்டிடி பூத்துகள் வந்த பிறகு, இறங்கியதும் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வார். "தொப்பூர் இறங்கிட்டேன்." அவ்வளவுதான் பேச்சு.

1987 கோடையில் அப்பத்தா இறந்தபோது அப்பா நாக்பூரில் லோடுக்குக் காத்திருந்தார். புக்கிங் ஆபீசுக்குத் தந்தி போனது. இடையில் 1,300 கிலோமீட்டர். வெயிலில் அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவர் ஒரே மகன். கொள்ளி வைத்தது பங்காளி ஒருவர். மூன்றாம் நாள் விடியலில் அப்பா வந்தார். குளித்துவிட்டு நேராகச் சுடுகாட்டுக்குப் போனார். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

2004இல் எனக்கு டொராண்டோவில் வேலை கிடைத்தது. சம்பளத்தையோ குளிரையோ அவர் கேட்கவில்லை. "எத்தனை மணி நேரம், கண்ணு?" என்றார். விமானம், காத்திருப்பு, கார் எல்லாம் கூட்டி முப்பது என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்ப நாக்பூரைவிடப் பக்கந்தான்."

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இங்கே நம்மில் பலர் இரவில் போன் அடித்தால் மனதுக்குள் போடும் கணக்கும் இதுதானே. 2020 மார்ச்சில் இந்தியாவுக்கு விமானங்கள் நின்றன. அந்த மே மாதம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் ஆறு நாள். கையில் பாஸ்போர்ட் இருந்தும் எனக்கு வழி இல்லை.

வீடு திரும்பிய அன்று வீடியோவில் வந்தார். முகம் இளைத்திருந்தது. "ஏழுல சரக்கு லாரி ஓடுது. பிளேன்தான் ஓடல" என்று சிரித்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பங்காளி பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வெச்சிருக்கறேன். உன்னால வர முடிஞ்சா வா. முடியலீன்னா மனசுல வெச்சுக்காத, சாமி. நானும் மூணாம் நாள்தான் வந்தேன்."

அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.