மஞ்சள் விளக்கு சொல்வதும் சொல்லாததும்

புலம்பெயர்ந்த நாட்டிலே எமக்குக் கார் ஆடம்பரப் பொருளல்ல. ஆஹென் நகரிலிருந்து அதிகாலை வேலைக்கு, பஸ் ஓடாத நேரத்தில் புறப்படும் எம்போன்றவர்களுக்கு, கார் நின்றால் வேலையும் ஆட்டம் காணும். அதனால்தான் முகப்பிலே என்ஜின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரியும்போது எமக்கு நெஞ்சு திக்கென்கிறது.

அந்த விளக்கின் பின்னால் ஒரு சிறிய கணினி இருக்கிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மொடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் 2001 முதல் புதிதாகப் பதியப்பட்ட பெற்றோல் கார்களிலும், பிழைகளைப் பொதுவான இலக்கங்களில் பதிந்து வைக்கும் முறை கட்டாயமாயிற்று. ஸ்ரியரிங்குக்குக் கீழே, 16 முனைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். வாசிக்கும் கருவியை அதில் செருகினால் இலக்கம் தெரியும். ‘பி 0301’ என்றால் முதலாவது சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ‘பி 0420’ என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிசாட்டர் போதியளவு வேலை செய்யவில்லை.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் பழைய காரில் ‘பி 0171’ வந்தது. காற்றின் அளவுக்குப் பெற்றோல் காணாது என்பது அதன் பொருள். அடுத்த மாதம் ரியூவ் பரிசோதனை. ஒரு கராஜில் காட்டினோம். பேட்டையும் திறந்து பாராமல், லம்டா சென்சரை மாற்றவேண்டுமென்று சொல்லி, எங்கள் மாதச் செலவையே புரட்டிப்போடும் ஒரு தொகையைக் கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டோம்.

அன்று பின்னேரம் எங்கள் பெரியப்பா வந்திருந்தார். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடையாது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. புகையின் மணத்தையும் என்ஜினின் சத்தத்தையும் வைத்தே நோயைச் சொன்ன தலைமுறை அவர்களுடையது.

“தம்பி, என்ஜினை ஓடவிட்டிட்டுக் காதைக் குடு” என்றார் எங்கள் மகனிடம். மெல்லிய சீறல் கேட்டது. காற்று உள்ளே போகும் பாதையில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. அந்த வெடிப்பால் கணக்கில் வராத காற்றுப் புகுந்தது. சென்சர் அதைச் சரியாகவே அறிவித்திருந்தது. குழாயை மாற்ற ஆன செலவு சில யூரோக்கள்தான். இலக்கத்தை அழித்து ஒரு கிழமை ஓடினோம். விளக்கு திரும்ப வரவில்லை. ரியூவும் கிடைத்தது.

இலக்கம் முறைப்பாட்டைச் சொல்லும், குற்றவாளியைச் சொல்லாது. ‘பி 0171’ க்குக் குழாய் வெடிப்பும் காரணமாகலாம், பெற்றோல் பம்பியின் பலவீனமும், காற்றை அளக்கும் கருவியில் படிந்த அழுக்கும் காரணமாகலாம். இலக்கத்தைப் பார்த்தவுடன் பாகம் வாங்குவது, காய்ச்சல் என்றதும் கண்ட மருந்தை விழுங்குவது போன்றது.

எம்மவரில் சிலர் பரிசோதனைக்கு முதல்நாள் இலக்கத்தை அழித்துவிட்டுப் போகிறார்கள். அது பயன் தராது. அழிக்கும்போது கார் தன்னைத்தானே சோதித்த பதிவுகளும் அழிந்துவிடும். அதைப் பரிசோதகரின் கருவி காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் எரியாத பெற்றோல் கட்டலிசாட்டரைச் சூடாக்கிக் கெடுக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே நல்லது.

கராஜுக்குப் போகும் உறவுகளே, “பேலர்ஸ்பைக்கர் அவுஸ்லேசன்” என்று கேளுங்கள். பிழைப்பதிவை வாசியுங்கள் என்பது அதன் பொருள். இலக்கத்தை எழுதி வாங்குங்கள். எந்தப் பாகம் பழுது என்பதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றும் கேளுங்கள். மொழி தடுமாறினால் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. கொடுப்பது நாங்கள் விடியப்புறம் எழும்பி உழைத்த காசு.