பூநாரை வீடியோ எடுக்கக் கோடியக்கரை போனேன்... பறந்ததோ கொசு உள்ளான்!

“கோடியக்கரை போறியா? பூநாரை வீடியோ ஒண்ணு கட்டாயம் வேணும்!” - அலுவலகத்தில் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். பிப்ரவரி கடைசி வாரம். துணைக்கு அப்பா. 1986-ல் கல்லூரிச் சுற்றுலாவில் அங்கே போனவர். “கலங்கரை விளக்கத்தை இன்னொரு தடவை பார்க்கணும்மா” என்று எனக்கு முன்பே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வேதாரண்யத்தில் இறங்கிக் காலை பஸ் பிடித்தோம். வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகம் நடந்த இடம். இன்றும் அந்தப் பக்கம் உப்பளங்கள்தான். வெள்ளை வெள்ளையாகக் குவித்துக் கீற்று போட்டு மூடியிருக்கிறார்கள்.

கோடிக்காடு சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கியதும், உள்ளூர் வழிகாட்டி ஒருவர் சேர்ந்துகொண்டார். அப்பாவுக்கு ‘சார்’, எனக்கு ‘பாப்பா’. காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தால், மரங்கள் எல்லாமே குள்ளம். கடல் காற்றுக்குத் தலைகுனிந்து வளர்ந்த பாலை மரங்கள். நடுநடுவே வேரோடு சாய்ந்த பழைய அடிமரங்கள். “கஜா புயல் பாப்பா, 2018. ஒரே ராத்திரி” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை.

புல்வெளி திறந்த இடத்தில் வெளிமான்கள். இவற்றுக்காகத்தான் 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். முறுக்கிய கொம்போடு ஆண் மான் ஒன்று எங்களை முறைத்துவிட்டு, துள்ளித் துள்ளிப் போனது. சற்றுத் தள்ளி மட்டக் குதிரைகள், யாருக்கும் சொந்தமில்லாமல், பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன.

அடுத்தது சதுப்பு. இது 2002-லேயே ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பிடித்த முதல் இடம் இதுதான். கரை மேட்டில் ஏறி நின்றதும் வழிகாட்டி கை நீட்டினார். தூரத்தில், தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள்! அப்பாவின் பைனாகுலரில் பார்த்தால், தலையைக் கவிழ்த்துச் சேற்றை வடிகட்டிச் சாப்பிடுவதுகூடத் தெரிந்தது. என் போனில் எவ்வளவு ஜூம் செய்தாலும் வெறும் ரோஸ் கறை.

இன்னும் கொஞ்சம் கிட்டே போனால்? மேட்டிலிருந்து இறங்கினேன்.

“பார்த்து! வந்தியத்தேவன் மாட்டினது இந்த ஊர்ச் சேத்துலதான். இப்போ காப்பாத்த பூங்குழலியெல்லாம் வர மாட்டா” என்று அப்பா சிரித்தார். நான் போனைப் பார்த்தபடியே பத்து அடி வைத்திருப்பேன். காலடியில் வெறும் சேறு என்று நினைத்த இடம் அப்படியே எழுந்து பறந்தது! நூற்றுக்கணக்கில் சின்னஞ்சிறு பறவைகள். ஒரே வீச்சில் திரும்பி, வெள்ளை வயிறு மின்ன ஒரு வட்டம் அடித்து, தூரமாகப் போய்விட்டன. நான் விடாமல் படம்பிடித்தேன். அழகென்றால் அப்படியொரு அழகு.

மேலே ஏறி வந்ததும் வழிகாட்டி கோபப்படவில்லை. அதுதான் உறைத்தது. “அது கொசு உள்ளான் பாப்பா. சைபீரியா பக்கத்துக் குளிர்ச் சீமையிலிருந்து வருது. இன்னும் கொஞ்ச நாள்ல திரும்பிப் போவணும். அதுக்குத்தான் இப்ப தின்னு தின்னு கொழுப்பு சேக்குது. ஒவ்வொரு தடவ கிளப்பி விட்டா, சேத்ததுல கொஞ்சம் போச்சு. நாய் தொரத்துனாலும் அதான், நாம போனாலும் அதான்.”

ஒரு கொசு உள்ளானின் எடை 25 கிராம் சொச்சம். அஞ்சு ரூபாய் பிஸ்கட் பாக்கெட் அதைவிடக் கனம். அது பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை, ஒரு வீடியோவுக்காகத் தட்டிவிட்டிருக்கிறேன்.

பிறகு மூவரும் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். பேச்சில்லை. இருபது நிமிடம் இருக்கும், அவை தாமாகவே திரும்பி வந்தன. கூடவே உப்புக்கொத்திகள், ஓர் ஓரமாகக் கூழைக்கடா. தையல் மெஷின் ஊசிபோல அலகு சேற்றில் இறங்கி ஏறுவது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நான் துரத்திப் போனதைவிடக் கிட்டே இருந்தன.

“நான் வந்தப்ப எங்கே பார்த்தாலும் பறவையா இருந்ததே?” என்றார் அப்பா. வழிகாட்டி சதுப்பையே பார்த்தபடி சொன்னார்: “நா சின்னப் புள்ளயா இருந்தப்ப கூட்டம் கிளம்புனா வெயிலு மறையும் சார். இப்ப நல்ல தண்ணி வரத்து கொறஞ்சு போச்சு. பக்கத்துல சீமைக்கருவ வேற மண்டுது.” இங்கே பல வருடங்களாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ச்சி செய்கிறது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம். கரையோரப் பறவைகளின் வரத்து குறைந்திருப்பதாக ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

கடைசியாக அப்பாவின் கலங்கரை விளக்கம். சோழர் காலத்தது என்று சொல்லப்படும் செங்கல் கோபுரம், 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. மிச்சம் இருப்பது அடிப்பகுதி மட்டும்தான். விஷயம் அப்பாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் வந்திருக்கிறார். “இவ்ளோ உயரம் இருந்துச்சு” என்று வெறும் வானத்தைக் காட்டினார். என்னைப் படம் எடுக்கச் சொல்லவில்லை.

நீங்கள் போவதானால் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போங்கள். வனத்துறையிடம் நேரத்தையும் அனுமதியையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், பைனாகுலர் கட்டாயம். பளிச்சென்ற சட்டை வேண்டாம். வழிகாட்டி இல்லாமல் சதுப்பில் இறங்கவே இறங்காதீர்கள்.

பஸ்ஸில் வரும்போது அந்த 11 விநாடி வீடியோவை அலுவலகக் குரூப்பில் போட்டேன். “சூப்பர்! ஸ்லோமோஷன்ல பாட்டு போட்டு விட்டுடலாம்” என்று உடனே பதில். அது எப்படிக் கிடைத்தது என்று எழுதினேன். சற்று நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “சரி, எழுத்து மட்டும் கொடு” என்று வந்தது.