ஜபரும் ஜேரும் இல்லாத எழுத்து

1982-ஆம் ஆண்டு மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை அது. துபாயின் தேராப் பகுதியில், நாயிஃப் கடைத்தெருவுக்குப் பின்புறம் எட்டுப் பேர் தங்கியிருந்த அறையில் ஒன்பதாவது ஆளாக நான் ஒண்டியிருந்தேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கடற்கழியின் மறுகரையில் ஒரு வணிக நிறுவனத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு. அன்று அங்கே வார விடுமுறை வெள்ளி ஒன்றுதான். (2022 முதல் அரசு அலுவலகங்களுக்குச் சனியும் ஞாயிறும் என்றாகிவிட்டது.) ஆதலால் ஜும்ஆவுக்குப் பின் எஞ்சிய பொழுது முழுவதும் என் கையில் இருந்தது. விசாவில் எஞ்சியிருந்தவையோ பதினொரே நாட்கள். என்னை அனுப்பி வைப்பதற்காக உம்மாவின் இரண்டு காப்புகள் கீழக்கரையில் அடகுக்குப் போயிருந்தன.

என் அச்சம் கேள்விகளைப் பற்றியதன்று; என் தகுதிக் குறிப்பில் இருந்த ஒரு வரியைப் பற்றியது. 'ஏற்றுமதி ஆவணப் பணியில் மூன்றாண்டு அனுபவம்' என்று அதில் இருந்தது. விசா எடுத்துத் தந்த உறவினர் நல்லெண்ணத்தில் சேர்த்துவிட்ட வரி. சென்னை பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் இரண்டாண்டுகள் தட்டச்சு செய்தவன் நான். வங்கிக்குப் போகும் ஆவணங்களோடு இணைக்கும் கடிதத்தை அடித்திருக்கிறேன். அந்த ஆவணங்களைப் பிரித்துப் படித்ததில்லை.

அறையில் மூத்தவரான எங்களூர்க் காக்கா ஒருவர், தம் அலுவலகத்திலிருந்து பழைய நகல்களைக் கொண்டு வந்து பாயில் பரப்பினார். எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதம் எப்படி இயங்குகிறது என்பதை அஸர் தொடங்கி இஷா வரை கற்பித்தார். வாங்குபவரின் வங்கி, விற்பவருக்குப் பணம் தருவதாக உறுதி சொல்கிறது. ஆனால் கேட்ட ஆவணங்கள் கேட்டபடியே வந்தால்தான் தரும். கப்பல் ரசீது, விலைப்பட்டியல், காப்புறுதிப் பத்திரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எல்.சி.யில் வேறு கெடு சொல்லப்படாவிட்டால், சரக்கு ஏறிய 21 நாட்களுக்குள் வங்கியை அடைய வேண்டும். (இந்த 21 நாள் விதி இன்றும் மாறவில்லை.)

"வங்கி சரக்கைப் பார்க்காது தம்பி, தாளைத்தான் பார்க்கும்" என்றார்.

"தாளில் எழுதியிருப்பது பொய்யாக இருந்தால்?"

"தாள் ஒழுங்காக இருந்தால் பணம் கொடுத்துவிடும். பெட்டியைத் திறந்து பார்க்கிறவன் வேறொருவன்" என்றவர், பாயின் ஓரத்தில் கிடந்த என் தகுதிக் குறிப்பை ஒருமுறை பார்த்தார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் எனக்குப் பாடம் ஏறவில்லை.

பேச்சை மாற்ற எண்ணினாரோ என்னவோ, ஓர் அரபுச் செய்தித்தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஏழு வயதில் குர்ஆனை ஓதி முடித்தவன். உம்மாவின் அரபுத் தமிழ்க் கடிதங்களைத் தடையின்றிப் படிப்பவன். அரபு மட்டும் எனக்கு அந்நியமாக இராது என்று ஊரில் நம்பியிருந்தேன். ஆனால், மக்தபில் நாம் ஓதிய எழுத்துகளுக்கு ஜபரும் ஜேரும் பேஷும் துணைக்கு நின்றன. செய்தித்தாளில் அவை இல்லை. உயிரோசை இன்னதென்று மொழி தெரிந்தவன் தானே ஊகித்துக்கொள்கிறான். எனக்கோ எழுத்து தெரிந்தது, சொல் தெரியவில்லை. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். காக்கா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்று நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் ஸுபுஹு தொழுததும் காக்காவே தம் டையை என் கழுத்தில் கட்டிவிட்டார். முடிச்சு அவிழ்ந்துவிடுமோ என்று அப்ராப் படகில் குனியாமலே உட்கார்ந்து மறுகரைக்குப் போனேன்.

மேலாளர் ஒரு பாலஸ்தீனியர். தாளைப் படித்துவிட்டு, "மூன்றாண்டில் எத்தனை எல்.சி. பார்த்திருப்பீர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரவெல்லாம் உருப்போட்ட விடைகளில் இதற்கும் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஒன்றுகூட இல்லை, கடிதங்கள் மட்டும் அடித்திருக்கிறேன். மற்றதை நேற்று இரவு கற்றுக்கொண்டேன்" என்றேன். அவர் சிவப்புப் பென்சிலால் அந்த வரியை அடித்தார். பிறகு மூலையில் இருந்த தட்டச்சுப் பொறியைக் காட்டினார்.

ஆவண எழுத்தர் வேலை வேறொருவருக்குப் போயிற்று. எனக்குக் கிடைத்தது தட்டச்சர் வேலை. சம்பளம் 900 திர்ஹம், அதற்கு விளம்பரம் செய்திருந்ததைவிட 500 குறைவு. உறவினர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. விசாவுக்கு அலைந்தவர் அவரல்லவா?

ஒரு காப்பு அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் மீண்டது. மற்றதை மீட்க இன்னும் ஓராண்டு ஆயிற்று.