நின்றால் சுடும் கார்

ஏ9 வீதியால் பயணிப்போர் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமல் கடப்பதில்லை. ஒரு தேங்காயை உடைத்து, ஒரு சரை கச்சானையும் வாங்கிக்கொண்டுதான் புறப்படுவர். சென்ற சித்திரையில் அக்காவை வவுனியாவில் மருத்துவரிடம் காட்டிவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பும் வழியில் நானும் அவ்வாறே நிறுத்தினேன். 78 வயதான அக்காவால் வெயிலில் இறங்க இயலாது. எனவே எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டுச் சென்றேன். திரும்பி வந்தபோது ஏசி வெப்பக் காற்றை வீசிக்கொண்டிருந்தது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. அக்காவின் முகம் வெளிறியிருந்தது.

என்னுடையது 1990களில் ஜப்பானில் உற்பத்தியான கார். 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலையே எட்டாத உயரத்துக்குச் சென்றுவிட்டதால், இருப்பதைப் பேணுவதைத் தவிர என் போன்றோருக்கு வேறு வழியில்லை.

முதலில் காட்டிய கராஜில் காஸ் குறைவென்று நிரப்பினார்கள். நிலைமை மேலும் மோசமாகியது. இரண்டாவது இடத்தில் ஹெட் கஸ்கெற் போய்விட்டது, எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவதாகக் கிளிநொச்சியில் ஓர் இளைஞரிடம் சென்றேன். பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவருடைய தந்தை.

இளைஞர் எதையும் கழற்றவில்லை. “ஐயா, ஓடேக்க சுடுதோ, நிண்டாச் சுடுதோ?” என்று மட்டும் கேட்டார்.

“நிண்டாத்தான் தம்பி.”

“அப்ப காத்துப் பிரச்சினை. முதல்ல ஃபானைப் பாப்பம்.”

ஓடும் காருக்கு எதிர்காற்றே விசிறி. நிற்கும்போது மின்விசிறிதான் றேடியேற்றருக்கும், அதன் முன்னாலுள்ள ஏசி கொண்டென்சருக்கும் காற்றை இழுக்க வேண்டும். காற்று போதாவிடின் ஏசிக் குழாயில் அழுத்தம் ஏறும். அளவு மீறினால் பாதுகாப்புச் சுவிட்ச் கொம்பிரஷரை நிறுத்திவிடும். காஸை மேலதிகமாக நிரப்பினால் அழுத்தம் இன்னும் விரைவாக ஏறும். பழைய ஒஸ்ரின் கார்களில் விசிறி எஞ்சினின் பெல்ற்றோடு சுழன்றதால் இந்தத் தொல்லை இருக்கவில்லை.

“விசிறி சுத்துது தம்பி, நான் பாத்தனான்” என்றேன்.

“எத்தினை, ஐயா?”

அப்போதுதான் பொனற்றுக்குள் ஒழுங்காகப் பார்த்தேன். அங்கே இரண்டு விசிறிகள் இருந்தன. ஏசிக்கானது சுழன்றது; றேடியேற்றருக்கானது அசையவில்லை.

அவர் பியூஸைப் பார்த்தார். றிலேயை அதே வகை வேறொன்றால் மாற்றிப் பார்த்தார். அக்கால ஜப்பானியக் கார்கள் பலவற்றில் றேடியேற்றரின் வெப்பச் சுவிட்சின் வயரைக் கழற்றினாலே, சாவி போட்டவுடன் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. மோட்டரின் இணைப்பில் சோதனை விளக்கு எரிந்தது. எனவே மின்சாரம் வந்துகொண்டிருந்தது. பற்றரியிலிருந்து இரு வயர்களால் மோட்டருக்கு நேரடி இணைப்புக் கொடுத்தும் அசைவில்லை. ஸ்பனரின் பிடியால் மோட்டரின் முதுகில் மெதுவாகத் தட்டினார். அது சட்டெனச் சுழன்று, சிறிது நேரத்தில் மீண்டும் நின்றது. உள்ளிருந்த கார்பன் பிரஷ்கள் தேய்ந்திருந்தன. பாவித்த மோட்டர் ஒன்றைப் பொருத்தியதும் காரியம் முடிந்தது. ஹெட் கஸ்கெற்றுக்கு எந்தப் பழுதும் இருக்கவில்லை.

பல்லாண்டுகள் பத்திரிகையில் பணியாற்றியவன் நான். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுச் செய்தி எழுதிவந்த இளைஞர்களை எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு விசிறி சுழல்வதைக் கண்டு, எல்லாம் சுழல்கின்றன என நம்பியிருந்தேன். அதன் விலையை முறிகண்டி வெயிலில் அக்கா செலுத்தவிருந்தார்.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூரப் பயணத்துக்கு முன், எஞ்சினையும் ஏசியையும் இயக்கி, பொனற்றைத் திறந்து, கையை விலக்கி நின்று விசிறிகளை எண்ணிப் பாருங்கள். வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரமாக ஒதுங்குங்கள். சூடு தணியும்வரை றேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள்.

அடுத்த மாதம் முறிகண்டியில் நின்றபோது முள் நடுவில் அசையாதிருந்தது. அக்கா கச்சான் உடைத்துக்கொண்டிருந்தார்.