இடம் மாறிய பின்னும்

நடுவண் அரசுப் பணியாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வாழ்க்கை என்பது பல ஊர்களின் வாழ்க்கை. தந்தைக்கோ தாய்க்கோ மாற்றல் ஆணை வந்தால், கல்வியாண்டின் நடுவிலும் பெட்டி கட்ட நேரும். அவர்தம் படிப்பு தடைப்படலாகாது என்னும் நோக்கில், 1963இல் படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை ஏற்றுக் கேந்திரிய வித்யாலயங்கள் தொடங்கப்பெற்றன. ஜோர்ஹாட்டில் விட்ட பாடத்தை ஜோத்பூரில் தொடரலாம், பாடத்திட்டம் ஒன்றே. தோழமைக்குத்தான் அத்தகைய ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. முகவரி எழுதிய துண்டுத்தாள், இரண்டொரு கடிதங்கள், அவ்வளவே.

அக்குறையைக் கைப்பேசி பெருமளவு தீர்த்திருக்கிறது. ஊர்விட்டுச் சென்றவர் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தொடர்ந்து இருக்கிறார். புதிய பள்ளியில் விளங்காத கணக்கைப் படமெடுத்து அனுப்பினால், பழைய தோழி இரவுக்குள் வழிமுறையை எழுதி அனுப்புகிறாள். காலை வணக்கப் படங்களின் வெள்ளத்தில் அவ்விடை மூழ்கிப்போவதும் உண்டு!

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல ஊர்களில் இத்தகைய குழுக்களே வகுப்பறைகளாயின. 2017இல் தொடங்கப்பட்ட தீக்ஷா தளத்தின் பாடங்கள், பாடநூலில் அச்சிட்ட விரைவுக் குறியீட்டின் வழியே திறந்தன. ஆயினும் பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் பகலில் தந்தையோடு பணிக்குச் சென்றுவிடும். மாலையில் அது கைக்கு வரும்போது, காணொளியைத் தரவிறக்கும் அளவுக்கு அன்றைய இணையத் தரவு மிஞ்சியிராது. அம்மாணவர் குழுவில் பெயரளவிலேயே இருந்தார். இதனை உணர்ந்த தோழர்கள் பாடத்தைச் சுருக்கிக் குரற்பதிவாக அனுப்பினர். குறிப்பேட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினர். காணொளிக்குச் செலவாகும் தரவில் மிகச் சிறு பங்கே இவற்றுக்குப் போதும். அருகில் குடியிருந்தோர் குறிப்பேட்டையே கொண்டுபோய்க் கொடுத்தனர்.

தமிழை விருப்பமொழியாகக் கற்போர்க்கு வேறொரு பயனும் உண்டு. சென்னையிலிருந்து குவாகாத்திக்கோ போபாலுக்கோ சென்ற பிள்ளைக்குத் தமிழ் வீட்டுப் பேச்சாகச் சுருங்கிவிடுகிறது. குழுவிலும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதே எளிதெனத் தோன்றும். தமிழ் விசைப்பலகையோ கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. லகரத்தையும் ளகரத்தையும் தேடி அழுத்தும் தொடக்க நாள்களில் விரல் தயங்கும், பிழைகள் மலியும். அவற்றைக் கண்டு நகைக்காமல் திருத்தி அனுப்பும் தோழர் ஒருவர் குழுவில் இருந்தால், அடுத்த தேர்வுக்குள் அப்பிள்ளை பள்ளி எது, பல்லி எது எனத் தடுமாறாமல் எழுதத் தொடங்கிவிடும்.